பல்கலைக்கழக வாசல்வரை: இடம்பெயர்ந்த குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

வீடு போனால் இன்னொரு வீடு கட்டலாம். நிலம் போனால் குத்தகைக்காவது ஒரு துண்டு எடுக்கலாம். பிள்ளையின் படிப்பு இடையில் நின்றுவிட்டால் அதை மறுபடி தொடங்குவது மிகவும் கடினம். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக 1980களில் விளைநிலத்தை விட்டு எழுந்தவர்கள், 1983 வன்செயலில் வன்னிக்கு ஓடியவர்கள், 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்த மண்சரிவில் லயங்களை இழந்தவர்கள், 2025 நவம்பர் டித்வா சூறாவளியில் தோட்டத்தையும் மரக்கறிப் பாத்திகளையும் பறிகொடுத்தவர்கள் என்று நம் மலைநாட்டின் கதை நீளுகிறது. இத்தனைக்கும் நடுவே உயர்தரம் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பல்கலைக்கழகத்தை எப்படித் தெரிவு செய்வது, முதலாம் ஆண்டுக்கு எப்படித் தயாராவது என்பதைப் பற்றி இங்கே பேசுவோம்.

தெரிவு எங்கே தொடங்குகிறது?

பல்கலைக்கழகத் தெரிவு விண்ணப்பப் படிவத்தில் தொடங்குவதில்லை. சாதாரண தரம் முடிந்து, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு என்று முடிவு செய்யும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. கலைப் பிரிவில் படித்த பிள்ளை பிறகு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ விண்ணப்பிக்க முடியாது. தோட்டப்புறத்தில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் சிலவே. அதனால் பல பிள்ளைகள் விருப்பத்தினால் அல்ல, வேறு வழியில்லாமல் கலைப் பிரிவுக்குப் போகிறார்கள். கலைப் பிரிவு தாழ்ந்ததல்ல. ஆனால் பிள்ளைக்குக் கணிதம் கைவருமானால், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரப் பாடசாலைகளில் இடம் கேட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். உயிரியல், பௌதிகப் பிரிவுகளுடன் வணிகம், தொழினுட்பம் ஆகிய பிரிவுகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

மாவட்டம் என்னும் கணக்கு

பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின்படி நடக்கிறது. ஒரு பாடம் கடினம், இன்னொன்று இலகு என்ற வேறுபாட்டைச் சமப்படுத்துவதற்காக 2001இல் இம்முறை வந்தது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீத இடங்கள் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீத இடங்கள் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். ஆகவே ஒரே புள்ளி பெற்ற இரு பிள்ளைகளில், நுவரெலியா மாவட்டப் பிள்ளைக்கு இடம் கிடைத்து, கண்டி அல்லது கொழும்பு மாவட்டப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம்.

இடம்பெயர்ந்தோர் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாணவரின் மாவட்டம், பொதுவாகப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் அவர் எந்தப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. பெற்றோர் இன்று எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. எனவே பாடசாலை மாறும்போதெல்லாம் விடுகைப் பத்திரத்தைத் திகதிகளுடன் எழுதி வாங்கி வையுங்கள். நல்ல டியூசன் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைக் கண்டிக்கோ கொழும்புக்கோ மாற்ற நினைத்தால், மாவட்டமும் மாறக்கூடும் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள்.

விண்ணப்பிக்கும்போது

ஒரே தடவையில் மூன்று பாடங்களில் சித்தியும், பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் பெற்றவர் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் தமிழிலும் ஒரு கையேடு வெளியிடுகிறது. அதை ஆசிரியர் ஒருவரோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படியுங்கள். விண்ணப்பத்துக்குத் தரப்படும் காலம் சில கிழமைகளே. தவறவிட்டால் ஓராண்டு போய்விடும்.

விருப்ப ஒழுங்கை எழுதும்போது பலர், “பெரியதைக் கேட்டால் சிறியதும் கிடைக்காது” என்று பயப்படுகிறார்கள். அப்படியல்ல. பிள்ளையின் புள்ளி எட்டும் விருப்பங்களுள் எது மேலே இருக்கிறதோ அதுவே வழங்கப்படும். ஆகவே உண்மையில் விரும்புவதை முதலில் எழுதுங்கள். கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளியைப் பார்த்து, கிடைக்கக்கூடியவற்றையும் கீழே விடாமல் சேருங்கள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதில் தூரம், மொழி, செலவு ஆகிய மூன்றையும் பாருங்கள். பேராதனை நமக்குக் கிட்டியது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ 2005 முதல் இயங்குகிறது. யாழ்ப்பாணம், வந்தாறுமூலையிலுள்ள கிழக்கு, ஒலுவிலிலுள்ள தென்கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் கலைப் பாடங்களைத் தமிழில் படிக்கலாம். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னியில் உறவினர் உள்ள குடும்பங்கள் அதையும் எண்ணலாம்.

வேறு வாசல்களும் உண்டு

புள்ளி எட்டவில்லையென்றால் பிள்ளையைத் திட்ட வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைவரை பரீட்சை எழுதலாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மலையகத்துக்கு நிறைய ஆசிரியர்களைத் தந்திருக்கிறது. மண்ணை விட்டுப் பிரிய மனமில்லாத பிள்ளைக்குக் குண்டசாலையிலும் வவுனியாவிலும் விவசாயப் பாடசாலைகள் உள்ளன. கைத்தொழில் நாட்டமுள்ளவருக்கு 2016இல் கிளிநொச்சியில் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோர் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி நிலையத்தில் விசாரிக்கலாம். அங்கே கட்டணம் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு பட்டம் தருவதாக விளம்பரம் செய்யும் நிறுவனங்களில் சேருமுன், அந்தப் பட்டம் அரசால் ஏற்கப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள்.

முதலாம் ஆண்டுக்குத் தயாராகுதல்

அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் இலவசம். சாப்பாடும் பஸ் கட்டணமும் புத்தகமும் இலவசமல்ல. மகாபொல புலமைப்பரிசிலும், வருமானம் குறைந்தோருக்கான உதவிப்பணமும் உண்டு. அவற்றுக்குப் பெற்றோரின் வருமான அத்தாட்சி வேண்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அதை முன்கூட்டியே பெறுங்கள். பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். ஆகவே முதல் நான்கு மாதச் செலவை வீட்டிலேயே தேட வேண்டும். அதற்காகத் தாயின் தாலியை அடகு வைப்பதைவிட, உயர்தரம் எழுதும் ஆண்டிலேயே ஒரு சிறு சீட்டில் சேர்வது நல்லது.

இரண்டாவது, ஆங்கிலம். விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். பரீட்சை முடிந்து அனுமதி கிடைக்கும்வரை பல மாதங்கள் கையில் இருக்கும். தினமும் ஒரு மணித்தியாலம் ஆங்கிலம் வாசித்து எழுதிப் பழகினால், முதல் விரிவுரையில் தலை சுற்றாது. கொஞ்சம் சிங்களமும் தெரிந்திருந்தால் விடுதியிலும் அலுவலகத்திலும் பெரிய உதவி.

மூன்றாவது, பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம்; சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. “எல்லோரும் பட்டதுதானே, பொறுத்துக்கொள்” என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம். நடந்ததை வீட்டுக்கும் மாணவ ஆலோசகருக்கும் சொல்லப் பழக்குங்கள். லயத்திலிருந்து வந்தவள், தோட்டத்துப் பையன் என்று யாராவது இழிவாகப் பேசினால், அது பிள்ளையின் குறையல்ல என்பதை அனுப்பும் முன்பே மனதில் பதிய வையுங்கள்.

இன்றே செய்யக்கூடியது

மண்சரிவும் வெள்ளமும் முதலில் கொண்டுபோவது கடதாசிகளைத்தான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைப் பெறுபேறு, விடுகைப் பத்திரம், வருமான அத்தாட்சி ஆகிய ஐந்தையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவருகே எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். பிரதிகளை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். கையேடு வரும்வரை காத்திராமல் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். பிள்ளை தன் பங்குக்குப் படிக்கட்டும். இந்த அலைச்சல் பெரியவர்களாகிய நம்முடையது.