முதியோர் இல்லங்களில் மருத்துவ ஆய்வு

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி நம் பங்குகளிலிருந்து முதியோர் இல்லங்களுக்குச் செல்கிறோம். கேக்கும் சேலையும் கொடுக்கிறோம், பாடிவிட்டுத் திரும்புகிறோம். படுக்கையருகே டப்பாவில் இருக்கும் மாத்திரைகளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? சர்க்கரைக்கு, இரத்த அழுத்தத்துக்கு, மூட்டுவலிக்கு, தூக்கத்துக்கு என்று ஐந்தாறு இருக்கும். இவற்றில் பலவற்றைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில், பல நோய்களோடு வாழும் 80 வயதுக்காரர்கள் மிகக் குறைவாகவே சேர்க்கப்பட்டனர். முதுமையில் சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். நடுவயதினருக்குப் பொருந்தும் அளவு ஒரு பாட்டிக்குத் தலைச்சுற்றலைத் தரலாம். விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

எனவே ஆய்வு முதியோரைத் தேடி வர வேண்டும். ஐதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தார் அப்படித்தான் செய்தனர். 41 முதியோர் இல்லங்களுக்குச் சென்று, 60 வயதுக்கு மேற்பட்ட ஆயிரத்துக்கும் அதிகமானோரின் கண்களைச் சோதித்தனர். ஏறத்தாழ பத்தில் மூவருக்குப் பார்வைக் குறைபாடு. முதன்மைக் காரணங்கள் கண்புரையும், ஏற்ற கண்ணாடி இல்லாததும்தான். இரண்டும் சரிசெய்யக் கூடியவை! அழைத்துப்போக ஆளில்லாதவரின் குறை, மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் ஆய்வில் எப்படித் தெரியவரும்? அம்பாசமுத்திரம், முக்கூடல் பக்கம் ஆயுள் முழுக்கப் பீடி சுற்றிய பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய நுரையீரலும் முதுகும் முதுமையில் என்ன ஆகின்றன என்பதை அவர்கள் இருக்கும் இடத்திற்கே வந்து கேட்பவர்கள் வேண்டும்.

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. 1963-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், யூத நாட்பட்ட நோய் மருத்துவமனையில் இருந்த 22 நோயாளிகளுக்கு, உயிருள்ள புற்றுநோய் அணுக்கள் ஊசிவழி செலுத்தப்பட்டன. அவை புற்றுநோய் அணுக்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை. கேள்வி கேட்க வலுவற்றவர்கள் என்பதே அவர்கள் அகப்பட்டதற்குக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், இத்தகையோரைத் தனிப் பாதுகாப்புக்குரியவர்களாகக் காண்கின்றன. இல்லத்தின் பொறுப்பாளர் அனுமதிப்பது ஆய்வாளர் உள்ளே வருவதற்கு மட்டுமே. ஒவ்வொரு முதியவரும் தாமே சம்மதிக்க வேண்டும். எழுத்தறியாதவர் எனில் ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். மறதி நோயால் முடிவெடுக்க இயலாதவருக்குச் சட்டப்படியான பிரதிநிதி வேண்டும். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, மருந்துச் சோதனையால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

சட்டம் இருந்தும் ஒரு சிக்கல் இருக்கிறது. சோறும் படுக்கையும் தருகிற அருட்சகோதரி "கையெழுத்துப் போடுங்க, பாட்டி" என்றால், எந்தப் பாட்டி மறுப்பார்? நன்றிக்கடனும் ஒருவகைக் கட்டாயமே. ஆகவே சம்மதம் கேட்கும் நேரத்தில் பொறுப்பாளர்கள் அறைக்கு வெளியே இருப்பது நல்லது. ஒரு நாள் அவகாசம் கொடுத்து, மறுநாள் மீண்டும் கேட்கலாம். மறுத்தவருக்கும் அதே கவனிப்பு தொடரும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆய்வு முடிந்தபின் கண்ணாடியோ அறுவை சிகிச்சையோ தேவைப்படுவோருக்கு யார் ஏற்பாடு செய்வார் என்பதை, ஆய்வாளர் வந்த முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.