தறியோசையும் குழந்தையின் செவியும்

நெசவாளர் இல்லங்களில் தறிக்கும் தொட்டிலுக்கும் இடையே நாலு முழம் இருந்தால் அதிகம். தாய் தார் சுற்றிக்கொண்டோ, பாவில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டோ இருக்க, உத்திரத்தில் கட்டிய சேலைத் தூளியில் குழந்தை உறங்கும். பயிர்த்தொழில் செய்வோர் குடும்பத்தில் அதே தூளி வரப்போர வேப்பங்கிளையில் தொங்கும். இவ்வாறு வேலைக்கு நடுவே பிள்ளை வளர்க்கும் நம் அங்கத்தினர் குடும்பங்களுக்கு, குழந்தையின் முதல் ஆறு மாத வளர்ச்சியைப் பற்றியும், அதில் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் ஒரு விஷயத்தைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறோம்.

பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் இருப்பதே தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும் தாயின் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பே. இரண்டு வாரத்திற்குள் அது மீண்டுவிடும். ஐந்தாம் மாத அளவில் பிறந்த எடை இருமடங்காகும். ஆறு முதல் எட்டு வாரங்களில் முகம் பார்த்துச் சிரிக்கும். நான்காம் மாதத்திற்குள் தலை நிற்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இக்கணக்கைப் பிரசவம் எதிர்பார்த்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். சேனை வைப்பதும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் வேண்டியதில்லை.

நம் முன்னோர் இவ்வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியவர்கள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்திற்குரியது செங்கீரைப் பருவம். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து குழந்தை ஆடுவதை அது குறிக்கிறது. ஏழாம் மாதத்திற்குரியது தால் பருவம். தால் என்றால் நாக்கு. தாய் நாவசைத்துப் பாடுவதே தாலாட்டு ஆயிற்று. ஆனால் பாடும் நாவிற்குக் கேட்கும் செவி வேண்டுமல்லவா? நாம் சொல்ல வந்தது அச்செவியைப் பற்றியே.

குழந்தை பிறந்த பிறகுதான் கேட்கத் தொடங்குகிறது என்பதில்லை. கருவில் ஆறு, ஏழு மாதத்திலேயே ஓசை அதற்கு எட்டுகிறது. பிறந்து மூன்று நாள் நிரம்பாத சிசுக்கள் கூட, வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்புகின்றன என்று 1980இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. ரப்பர்க் காம்பை ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரலும், வேறு விதமாகச் சப்பினால் பிறர் குரலும் கேட்கும்படி ஏற்பாடு செய்து இதைக் கண்டறிந்தார்கள். பேச்சு என்பது ஒரு வயதில் திடீரென முளைப்பதன்று. மாதக்கணக்காகக் கேட்டுக் கேட்டுச் சேர்வது.

செவிப்புலன் குறைந்து பிறக்கும் குழந்தையை வீட்டார் அறியாமற்போவது ஏன்? அதுவும் மற்றக் குழந்தைகளைப்போலவே அழும், சிரிக்கும், மூன்றாம் மாதத்தில் ‘ங்கா’ என்று குரல் எழுப்பும். ஆறு மாதத்திற்குப் பிறகே அக்குரல் வளராமல் தேய்வது தெரியவரும். தறி வீட்டில் இன்னொரு மயக்கமும் உண்டு. பலகை அடிக்கும்போது ஓசை மட்டுமா எழுகிறது? தரையும் உத்திரமும் அதிர்கின்றன, தூளியும் அதிர்கிறது. அந்த அதிர்வில் விழித்த குழந்தையை, ஓசை கேட்டு விழித்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். மாறாக, தறியோசையிலேயே பழகிய குழந்தை அதைப் பொருட்படுத்தாமல் உறங்கினால், அதனாலேயே செவிடு என்று அஞ்சவும் கூடாது. தட்டைத் தட்டிப் பார்ப்பதும் நம்பத்தக்கதன்று. கையசைவையோ நிழலையோ கண்டு குழந்தை திரும்பிவிடும்.

தறி நின்றிருக்கும் நேரத்தில், கண்ணில் படாமல் பின்புறமிருந்து மெல்லப் பெயர் சொல்லி அழையுங்கள். நான்கு, ஐந்து மாதக் குழந்தை குரல் வந்த பக்கம் திரும்ப முயலும். திரும்பாவிட்டால் தாமதம் வேண்டாம். இதுவும் முதற்குறிப்பே, நிச்சயமாக அறியக் கருவிப் பரிசோதனை இருக்கிறது. உறங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து, ஒலி அனுப்பி, உட்செவி தரும் மறுமொழியைப் பதிவு செய்கிறார்கள். சில நிமிஷ வேலை, வலி கிடையாது. முதல் மாதத்திற்குள் இப்பரிசோதனை, மூன்றாம் மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், ஆறாம் மாதத்திற்குள் சிகிச்சை என்பதே வைத்தியர்கள் வைத்திருக்கும் கணக்கு.

கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகள், மிகக் குறைந்த எடையில் பிறந்தவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள் ஆகியோரை அவசியம் பரிசோதிக்க வேண்டும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிப்பது நம்மிடையே வெகுகாலப் பழக்கம். அத்தகைய தம்பதிகளின் குழந்தைகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை வரும் வாய்ப்பு அதிகம் என்பதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அதற்காக மருமகளைக் குறை சொல்வது அநியாயம். வித்து இருபுறத்திலிருந்தும் வருகிறது.

“அவன் அப்பனும் நாலு வயதில்தான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவார்கள். அந்த ஆறுதலில் கழியும் மாதங்கள் விலைமிக்கவை. காதில் எண்ணெய் விடுவதாலும் பயன் இல்லை; தீங்கே நேரலாம். சில மாதக் குழந்தைக்கும் காதுக்கருவி பொருத்தலாம். அது போதாதவர்களுக்கு உட்செவியில் பொருத்தும் காக்ளியர் கருவி உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு இச்சிகிச்சை கிடைக்கிறது.

ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எப்படியும் போகிறோம். அப்போதே செவிலியரிடம், “குழந்தைக்குக் காது பரிசோதனை எங்கே செய்வார்கள்?” என்று கேட்டு, சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.