கெரெங்கா எறும்பு நண்பனா, பகைவனா?

குளுவாங் வட்டாரத்தில் செம்பனைக் குலை அறுக்கிற நம்மவர்க்குக் கெரெங்கா என்றாலே எரிச்சல். மட்டையைத் தொட்டதும் கழுத்திலே ஏறி 'சுருக்'கென்று கடிக்கும். "கூட்டைக் கொளுத்துடா!" என்ற குரல் கேட்காத தோட்டம் எது? அதில் நியாயமும் உண்டு. ஆனால் கொளுத்துமுன் கொஞ்சம் பொறுங்கள் என்கிறோம்.

பூச்சியிடம் வேலை வாங்குவது குளுவாங்குக்குப் புதிதல்ல. கேமரூன் நாட்டு மகரந்த வண்டை 1981-இல் இங்குள்ள மாமோர் தோட்டத்தில்தான் திறந்துவிட்டார்கள். அதுவரை பூத்தூளை ஆட்கள் கையால் தூவிவந்தார்கள். வண்டுக்கு அந்த வேலை. கெரெங்காவுக்குக் காவல் வேலை!

செம்பனைக்குப் பெரிய எதிரி மூட்டைப்புழு. பாதி இலையைத் தின்றுவிட்டால், அடுத்த இரண்டாண்டில் விளைச்சல் 40 விழுக்காடு அளவுக்கு விழுந்துவிடும். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களின் தொடக்கத்திலும் டீல்ட்ரின், என்ட்ரின் போன்ற கடும் மருந்துகளை அடித்துப் பார்த்தார்கள். புழு ஒழிந்ததா? பெருகியது! பைக்குள் இருந்த புழு தப்பியது. அதை அழிக்கும் குளவிகளும் மற்றப் பூச்சிகளும் செத்தன. பூச்சியியல் அறிஞர் பிரையன் வூட் இதை ஆராய்ந்து 1968-இல் நூலே எழுதினார்.

கெரெங்காவோ மரம் மரமாய் ஏறிப் புழுவை இழுத்து வந்து தின்கிறது. பேராக், தெலுக் இந்தான் செம்பனைத் தோட்டங்களில் நடந்த ஆய்வு இதை 2013-இல் எடுத்துச் சொன்னது. கொக்கோவிலும் அப்படித்தான். சின்னக் கறுப்பெறும்பு நிறைந்த மரத்தில், காயைக் குத்திச் சாறு உறிஞ்சும் பூச்சியின் சேதம் குறைவு.

அப்படியானால் எறும்பெல்லாம் நல்லதா? இல்லை. மாவுப்பூச்சியும் செதிள்பூச்சியும் கசியவிடும் தித்திப்பு நீருக்காக எறும்பு அவற்றைப் பசுமாடு போல வளர்க்கும். அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் குளவியையும் விரட்டிவிடும். கொக்கோவில் இதனால் கேடு சிறிது, லாபம் பெரிது. லயத்துக் கொல்லையில் உள்ள கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் அப்படியல்ல. அங்கே அடிமரத்தில் துணியைச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். கிளை வேறெங்கும் உரசாமல் வெட்டிவிடுங்கள். எறும்பு ஏறாவிட்டால் பொறிவண்டு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

செம்பனையில் என்ன செய்வது? கெரெங்கா கூடுள்ள மரத்துக்கு அடையாளம் போடுங்கள். முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு குலை அறுங்கள். கூடு இருப்பதை மருந்தடிக்குமுன் மண்டோரிடம் சொல்லுங்கள். ரோட்டோரம் பூக்கும் தர்னேராச் செடியைக் களையென்று வெட்டாதீர்கள். குளவிக்குத் தேன் அதில்தான்.

மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட தாய்மார் நம்மில் எத்தனை பேர்! எறும்பும் குளவியும் புழுவைக் குறைத்தால், அந்தச் சுமையும் குறையும். எறும்புக்கடி சற்று நேரத்தில் ஆறிவிடும். நெஞ்சில் இறங்கிய நஞ்சு அத்தனை சுலபத்தில் ஆறுமா?