மாணவர் குழுவும் தலைமையும்: நாட்டு நலப்பணித் திட்டம் கற்பிக்கும் பாடங்கள்

செகந்திராபாத் இரயில் நிலையத்திற்குக் கிழக்கே அமைந்துள்ளது லாலாகுடா. நிஜாம் உத்தரவாத அரசு இரயில்வே 1893ஆம் ஆண்டில் இங்கு நிறுவிய பணிமனை, இன்று தென்மத்திய இரயில்வேயின் பெட்டிப் பணிமனையாக இயங்கி வருகிறது. அதைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் பல தலைமுறைகளாக வளர்ந்துள்ளன. தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் ஆகிய மொழிகள் பேசுவோர் அங்கு அடுத்தடுத்து வாழ்கின்றனர். சற்றுத் தொலைவில், 1918ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் வளாகம் விரிந்து கிடக்கிறது. உழைப்பின் களமும் கல்வியின் களமும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடங்கள் நம் நாட்டில் மிகுதியாக இல்லை.

இவ்விரு களங்களிலும் பலர் கூடியே பணியாற்றுகின்றனர். ஆயினும் அவற்றின் தலைமை ஒரே வகைப்பட்டதன்று. பணிமனையில் மேற்பார்வையாளருக்கு விதிகள் துணை நிற்கின்றன. ஊதியம் உண்டு, வருகைப் பதிவேடு உண்டு, தவறினால் நடவடிக்கை உண்டு. மாணவர் தொண்டுக் குழுவின் தலைவருக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. அவர் தம் வயதையொத்த நண்பர்களையே வழிநடத்த வேண்டியுள்ளது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வராவிட்டால் அவரைத் தண்டிக்க வழியில்லை. கட்டளையிடும் அதிகாரமின்றி ஒரு வேலையை முடிப்பது எவ்வாறு என்பதே மாணவத் தலைமையின் அடிப்படைக் கேள்வியாகும். இக்கேள்விக்கு விடை காண்பதற்கு நாட்டு நலப்பணித் திட்டத்தின் அனுபவம் பெரிதும் உதவுகிறது.

திட்டம் உருவான வரலாறு

மாணவர் சமுதாயப் பணியில் ஈடுபட வேண்டும் என்ற எண்ணம் காந்தியடிகள் காலத்திலிருந்தே வலியுறுத்தப்பட்டு வந்தது. விடுதலைக்குப் பின் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமாக முன்வந்து தேசியத் தொண்டு புரியும் ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. 1959ஆம் ஆண்டில் டாக்டர் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு இதனை ஆராய்ந்தது. அடுத்த ஆண்டில் பேராசிரியர் கே.ஜி. சையிதைன் பிற நாடுகளின் முறைகளை ஆய்ந்து அறிக்கை அளித்தார். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும், கல்வியின் எல்லா நிலைகளிலும் சமுதாயப் பணி இடம்பெற வேண்டும் என்று கூறியது.

சீனப் படையெடுப்பிற்குப் பின் 1963ஆம் ஆண்டில் தேசிய மாணவர் படைப் பயிற்சி கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 1968ஆம் ஆண்டில் அது மீண்டும் விருப்பத்திற்குரியதாயிற்று. இச்சூழலில், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டில், செப்டம்பர் 24ஆம் நாள், அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய இத்திட்டம், பின்னர் 30 லட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டதாக வளர்ந்தது. ‘நானல்ல, நீ’ என்னும் பொருள் தருவது இதன் குறிக்கோள் வாசகம். கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம் இதன் சின்னம்.

கைவசமுள்ள நேரம் எவ்வளவு?

தலைமை ஏற்பவர் முதலில் செய்ய வேண்டியது கணக்கு. உணர்ச்சிமிக்க உரைகள் அதற்குப் பின்னரே வரவேண்டும். வழக்கமான ஓர் அணியில் 100 மாணவர்கள் உள்ளனர். அவர்களுக்குப் பொறுப்பாகத் திட்ட அலுவலர் ஒருவர் உள்ளார். ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 120 மணி நேரம் வீதம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஆண்டுக்குரிய 120 மணியில் 20 மணி பயிற்சிக்கும், மிகுதியாகப் போனால் 30 மணி கல்லூரி வளாகப் பணிக்கும் செல்லும். எஞ்சிய 70 மணியே மக்களிடையே பணியாற்றக் கிடைக்கிறது.

நூறு பேருக்கு இது 7,000 மணி. எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 875 ஆள்நாட்கள். ஒரு குடியிருப்பின் கழிவுநீர் வடிகால்களைச் சீர் செய்யவும், மரக்கன்றுகளை நடவும் இது தாராளமாகப் போதும். ஆனால் முதியோர் கல்வியை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்த முறைப்படி ஒருவர் அடிப்படை எழுத்தறிவு பெற ஏறத்தாழ 200 மணி நேரம் தேவைப்படுகிறது. தனி மாணவர் ஒருவரின் 70 மணி நேரம் முடியும்பொழுது, கற்பவர் பாதி வழியைக்கூட எட்டியிரார். ஆகவே ஒரு வகுப்பை ஆண்டிறுதிக்குள் நிறைவு செய்ய வேண்டுமாயின், குறைந்தது மூன்று மாணவர்கள் முறைவைத்துப் பொறுப்பேற்க வேண்டும். இதனைத் தொடக்கத்திலேயே உணராத குழு, மூன்றாம் மாதத்தில் வகுப்பை மூடிவிடும். எழுதுகோலைப் பிடிக்கத் துணிந்த ஒரு முதியவர், தம்மால் இயலாது என்ற பழைய முடிவுக்கே திரும்பிவிடுவார். மாணவர்களுக்கு அது ஒரு தோல்வி மட்டுமே. அவருக்கோ அடுத்த வாய்ப்பும் மூடிப்போகிறது.

கேட்டறிந்த பின் திட்டமிடல்

லாலாகுடா போன்ற ஒரு குடியிருப்புக்கு மாணவர் குழு ஒன்று செல்வதாகக் கொள்வோம். குடும்பங்களின் உடல்நலம் பற்றிய விவரங்களைத் திரட்டுவது அதன் நோக்கம். குழு முற்பகலில் சென்றால் பணிமனைக்குச் செல்வோர் வீட்டில் இரார். தெலுங்கு மட்டுமே அறிந்த மாணவர் உருது பேசும் வீட்டில் அரைகுறை விடையே பெறுவார். ஆடவர் மட்டுமே கொண்ட குழுவிடம் தாய்மார்கள் மகப்பேறு பற்றிப் பேசத் தயங்குவர். இம்மூன்று தடைகளும் மக்களின் ஒத்துழையாமையால் விளைந்தவை அல்ல. குழுவை அமைத்த முறையில் நேர்ந்த குறைகளே அவை. நேரம், மொழி, ஆண் பெண் பங்கு ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்துக் குழுவைப் பிரிப்பது தலைவரின் கடமை.

எதை முதலில் செய்வது என்பதையும் மக்களே கூற வேண்டும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவொளி இயக்கம் இதற்குச் சிறந்த சான்று. எழுத்தும் படிப்பும் அதன் நோக்கங்கள். எனினும் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியும் அதன் பகுதியாயிற்று. பிறர் துணையை எதிர்பாராமல் சென்று வர இயன்றால்தான் பெண்கள் கற்கவும் கற்பிக்கவும் முடியும் என்ற உண்மை களத்திலிருந்து எழுந்தது. மேலிருந்து வகுத்த திட்டத்தோடு நின்றிருந்தால் அந்த மாற்றம் நிகழ்ந்திராது.

பொறுப்பைப் பகிர்தல்

எல்லாவற்றையும் தாமே செய்ய முற்படுவது ஆர்வமுள்ள மாணவத் தலைவர்களிடம் காணப்படும் பொதுவான குறை. அனுமதிக் கடிதம் எழுதுவதும், பொருள் வாங்குவதும், கூட்டத்தில் பேசுவதும் அவரே எனில், மற்றவர்கள் மெல்லப் பார்வையாளர்களாகிவிடுவர். தேர்வு நெருங்கும்பொழுதோ, அவர் நோயுறும்பொழுதோ பணி முழுவதும் நின்றுவிடும். பின்னர் அவர், “யாரும் உதவவில்லை” என்று வருந்துவார். உதவுவதற்கு இடம் விட்டோமா என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் மாவட்ட நிர்வாகமும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் இணைந்து நடத்திய எழுத்தறிவு இயக்கத்தில் ஏறக்குறைய 20,000 தன்னார்வலர்கள் பங்கேற்றனர். 1990ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. இத்துணைப் பெரிய படையை ஒருவர் நேரில் கண்காணித்தல் இயலாது. ஒவ்வொரு பயிற்றுநரும் சிறு குழு ஒன்றுக்குப் பொறுப்பேற்றார். பொறுப்பு கீழ்வரை இறங்கியதாலேயே இயக்கம் முன்னேறியது.

பகிர்தல் என்பது வேலையைத் தள்ளிவிடுதல் அன்று. ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்பொழுது, செய்ய வேண்டியது எது, எந்நாளுக்குள், எவ்வளவு செலவில், ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்ற நான்கும் தெளிவாக இருத்தல் வேண்டும். அவ்வாறு ஒப்படைத்த பின், அவர் தம் வழியில் செய்வதைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் தலைவருக்கு வேண்டும்.

மனத்தாங்கலும் அதைத் தீர்த்தலும்

ஊதியமில்லாப் பணியில் பாராட்டே ஊதியம். அது நேர்மையாகப் பங்கிடப்படாவிட்டால் குழு சிதறும். மேடையில் பேசியவர் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. ஏழு நாள் முகாமில் விடியற்காலையில் எழுந்து ஐம்பது பேருக்கு உணவு சமைத்தவர் பெயரோ பலருக்குத் தெரிவதில்லை. பெருக்குதல், சுமத்தல், சமைத்தல் ஆகியவை என்றும் ஒரே சிலரிடம் விழாமல், தலைவர் உட்பட அனைவரும் முறைவைத்துச் செய்தல் நலம். பெண்களுக்குச் சமையலும் ஆண்களுக்கு மண்வெட்டியும் எனப் பிரிப்பது, சமத்துவம் பேச வந்த குழு தன் பேச்சைத் தானே மறுப்பதாகும்.

கருத்து வேறுபாடு எழும்பொழுது, அன்றைய பணி முடிந்ததும் அனைவரும் அமர்ந்து பேசுவதே சிறந்த முறை. முகாம்களில் மாலை நேரக் கூட்டம் இதற்கு உதவுகிறது. அக்கூட்டத்தில் தவறு பற்றிப் பேசலாம். தவறு செய்தவரைப் பலர் முன் இழிவுபடுத்தலாகாது. பலமுறை வராத ஒருவரிடம் தலைவர் தனியே பேசினால், அவர் தம் படிப்புச் செலவுக்காக மாலையில் வேலைக்குச் செல்வது தெரியவரலாம். காரணம் தெரிந்தால் அவருக்கேற்ற நேரத்தில் வேறு பணி தர இயலும். காரணம் கேளாமல் பெயரை நீக்கினால், குழு ஒருவரை இழப்பதோடு மற்றவர்களின் நம்பிக்கையையும் இழக்கும்.

கணக்கும் குறிப்பேடும்

பொதுப்பணத்தைக் கையாளும் முதல் அனுபவம் பல மாணவர்களுக்கு இத்தகைய குழுக்களிலேயே வாய்க்கிறது. தொகை சிறிதாயினும், வரவு செலவை அன்றன்றே எழுதி, பற்றுச்சீட்டுகளுடன் அனைவரும் காணுமாறு வைத்தல் வேண்டும். மறதியால் விடுபட்ட சிறு தொகைகூட ஐயத்திற்கு வித்தாகும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் பணிக் குறிப்பேடு எழுத வேண்டும் என்ற விதி உள்ளது. சான்றிதழுக்காக மணிக்கணக்கை மட்டும் நிரப்பினால் அதனால் பயனில்லை. எந்தத் தெருவில் யாரைக் கண்டோம், என்ன வாக்களித்தோம், எது நிறைவேறவில்லை என்று எழுதினால், அதுவே அடுத்த குழுவுக்கு வழிகாட்டி நூலாகும்.

பணி தொடர வேண்டும்

மாணவர் அமைப்புகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பணிமனையில் ஒரு தொழிலாளி முப்பது ஆண்டுகள் பணியாற்றித் தம் கைத்திறனை இளையோருக்கு அளிக்கலாம். மாணவரோ இரண்டாண்டில் திட்டத்தை விட்டு விலகுகிறார். தேர்ந்த தலைவர் ஒருவர் உருவாகும் வேளையில் அவர் விடைபெறும் வேளையும் வந்துவிடுகிறது. குடியிருப்பு மக்கள் ஆண்டுதோறும் புதிய முகங்களைக் காண்கின்றனர். அதே வினாக்களுக்கு மீண்டும் விடையளிக்கின்றனர். “சென்ற ஆண்டு எழுதிச் சென்றார்களே, என்ன ஆயிற்று?” என்று அவர்கள் கேட்டால் விடை கூறக் கூடிய குழுவே மதிப்பைப் பெறும்.

இதற்கு வழி, முதலாண்டு மாணவர்களைத் தொடக்கத்திலேயே துணைப் பொறுப்புகளில் அமர்த்துவது. இரண்டாம் ஆண்டின் இறுதிக்கு முன்பாகவே முன்னவரும் பின்னவரும் சேர்ந்து குடியிருப்புக்குச் செல்ல வேண்டும். மக்களிடம் புதியவரை அறிமுகப்படுத்துவதும், முடியாத பணிகளின் பட்டியலை ஒப்படைப்பதும் விலகும் தலைவரின் இறுதிக் கடமைகள். தாம் இல்லாதபொழுதும் நடைபெறும் பணியே ஒரு தலைவர் விட்டுச்செல்லும் உண்மையான சாதனை.

அலுவலர்களின் பங்கு

இப்பொறுப்பு மாணவர்களை மட்டும் சார்ந்ததன்று. கல்லூரி நிர்வாகமும் அரசு அலுவலர்களும் மாணவர்களை விழா நாட்களில் வரிசையில் நிற்கும் கூட்டமாகக் கருதினால், அவர்களும் அவ்வாறே நடந்துகொள்வர். மாணவர் குழு ஒரு குடியிருப்பின் குடிநீர்க் குழாய்கள் பற்றி விவரம் திரட்டி அளித்தால், அதற்கு உரிய அலுவலகம் காலம் தாழ்த்தாமல் பதில் தர வேண்டும். இயலாது என்றாலும் காரணத்துடன் கூறலாம். பதிலே வராத மனு, மக்களுக்குக் குழுவின் மீதும், குழுவுக்கு அரசின் மீதும் உள்ள நம்பிக்கையைக் குறைக்கிறது. திட்ட அலுவலரும், மாணவர் தவறு செய்வார் என்றஞ்சி எல்லா முடிவுகளையும் தாமே எடுத்தல் கூடாது. பிறர் உடலுக்கும் உரிமைக்கும் தீங்கு நேராத வரம்புக்குள், தவறு செய்து திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் கல்வியின் பகுதியே.

கட்டளையிட இயலாத நிலையில் ஒருவர் கற்கும் தலைமை, பின்னாளில் கட்டளையிடும் பதவி வாய்க்கும்பொழுது அவரைப் பண்படுத்துகிறது. இன்றைய மாணவரே நாளை ஆசிரியராகவும், பொறியாளராகவும், மாவட்ட அலுவலராகவும் அமர்வார். மனுவுடன் எதிரில் நிற்பவரின் காத்திருப்பை ஒருமுறை அவர் வீட்டு வாசலிலேயே கண்டவர், கோப்பை எளிதில் ஒதுக்கிவைக்கமாட்டார். கல்லூரிக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் இடையிலுள்ள குறுகிய தூரத்தை மாணவர் கடக்க வேண்டும் என்று நாடு விரும்புவதற்குக் காரணம் இதுவே.