இடமும் வலமும்

சில ஆண்டுகளுக்கு முன், பங்கின் மறைக்கல்வி முதல் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கற்பித்துக்கொண்டிருந்தோம். நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள் என்று அவர்கள் எதிரே நின்று நாமே செய்து காட்டினோம். ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் ஒவ்வொரு முறையும் இடக்கையை நெற்றிக்கு உயர்த்தி, வலத்தோளையே முதலில் தொட்டான். மூன்றாம் முறை கடிந்துகொண்டோம். அவன் கண் கலங்கிவிட்டான்.

பிறகுதான் நமக்கு உறைத்தது. கண்ணாடியிலுள்ள உருவத்தைப் போல அவன் நம்மை அப்படியே பின்பற்றியிருக்கிறான்! நம் வலக்கைக்கு நேரெதிரே இருந்தது அவனுடைய இடக்கை. அடுத்த ஞாயிறு பிள்ளைகளுக்கு முதுகு காட்டி நின்று செய்து காட்டினோம். அவனும் பிழையின்றி வரைந்தான்.

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே 1920-களில் பிள்ளைகளிடம் இதனை ஆராய்ந்தார். தன் இடக்கை எது, வலக்கை எது என்பதை ஐந்து வயதளவில் அறியும் பிள்ளை, எதிரில் நிற்பவருடைய இட வலத்தை அறிய ஏறத்தாழ எட்டு வயதாகிறது என்று கண்டார். மூன்று பொருள்களை வரிசையாக வைத்து, நடுவிலுள்ளது எதற்கு இடம், எதற்கு வலம் என்று கேட்டால், பதினொரு வயதுவரையிலும் தடுமாற்றம் உண்டாம். இதை அறியாமல் எத்தனை பிள்ளைகளை மந்தபுத்தியுடையோர் என்று ஏசிவிடுகிறோம்!

முன், பின் என்னும் சொற்களிலும் இவ்விடர் உண்டு. வீட்டிற்கு வாசல் இருப்பதால், நாம் எங்கு நின்றாலும் வீட்டின் முன்புறம் மாறுவதில்லை. மரத்திற்கு ஏது முகம்? மரத்திற்கு முன்னே என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் உடலிலிருந்தே தொடங்குங்கள். சோற்றுக் கை என்று நம் பாட்டிமார் வலக்கைக்குப் பெயரிட்டது நல்ல உபாயமே. எழுதும் கை என்று மட்டும் அடையாளம் சொல்லாதீர்கள். இடக்கையால் எழுதும் பிள்ளைகள் குழம்புவர்.

அடுத்து முற்றத்தில் கிழக்கு நோக்கி நிறுத்துங்கள். வலப்புறம் காற்சுற்றுத் திரும்பினால் தெற்கு, அரைச்சுற்றில் மேற்கு, முக்காற்சுற்றில் வடக்கு, முழுச்சுற்றில் மீண்டும் கிழக்கு. இடப்புறம் ஒரே காற்சுற்றில் அதே வடக்கை அடையலாம் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடிக்கட்டும். நாம் சொல்லிவிட்டால் அந்த மகிழ்ச்சி போய்விடும்.

நான்கு திசைகளுக்கு ஒரு சிறப்புண்டு. நாம் திரும்பினாலும் அவை திரும்புவதில்லை. 'கொஞ்சம் கிழக்கே நகர்ந்து உட்கார்' என்று சொல்லும் கிராமத்துப் பெரியோருக்கு இட வலக் குழப்பமே இல்லை. மலையடுத்த மேட்டுப்புறம் மேற்கு, கடல்நோக்கித் தாழும் புறம் கிழக்கு என, மேல், கீழ் என்னும் சொற்களிலிருந்தே இப்பெயர்கள் பிறந்தன என்பர் மொழியறிஞர்.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில், கோவில் வாசலிலிருந்து கிணற்றடிவரை ஒரு விளையாட்டு வைத்தோம். ஒரு பிள்ளையின் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, மற்றொரு பிள்ளை வாய்ச்சொல்லால் மட்டும் வழி நடத்த வேண்டும். முதலில் வந்த சிறுமி 'திரும்பு, திரும்பு' என்றாளேயன்றி, எப்பக்கம், எவ்வளவு என்று சொல்லவில்லை. அவள் தோழி செம்பருத்திச் செடிக்குள் புகுந்துவிட்டாள். எல்லாரும் சிரித்தனர், நாமுந்தான்.

பின்னர் அச்சிறுவனின் முறை வந்தது. மற்றவர்களெல்லாம் கிணற்றடியில் எதிர்முகமாக நின்றே கூவினர். அவனோ நண்பனுக்குப் பின்னால் சென்று, அவன் நோக்கிய திசையையே தானும் நோக்கி நின்றான். பிறகே வாய்திறந்தான்:

"பத்தடி நட. நில். சோத்துக் கைப் பக்கம் காற்சுற்றுத் திரும்பு."