பழைய லாரிக்கு வேற்று வண்டிச் சக்கரம்

சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் நாட்டுப்புறத்தில் இருக்கிறது ராமகுப்பம். கோலார் தங்கவயல் இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்படும் வரை, இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கேதான் பிழைப்பு. இப்பொழுது தக்காளி, மல்பெரி, கறவை மாடு, அதற்கப்பால் லாரி. வெளியூர் சென்று ஈட்டிய பணத்தை அனுப்பி, தம்பிக்கோ மைத்துனனுக்கோ ஒரு பழைய லாரி வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் நம் வாசகர்களிடையே இல்லாமற் போகா. அவ்வண்டியைப் பற்றி ஊரிலிருந்து வரும் செய்திகளுள் ஒன்று: “டிஸ்க்கு விரிசல் விட்டுவிட்டது, வேறு வண்டியின் சக்கரம் மலிவாகக் கிடைக்கிறது, போட்டுவிடலாமா?”

போடலாமா என்பதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. வட்டமாக இருப்பதனால் மட்டும் ஒரு சக்கரம் மற்றொன்றுக்கு ஈடாகிவிடாது.

முதலில் பார்க்க வேண்டியவை துளைகள். கனரக லாரிச் சக்கரத்தில் பெரும்பாலும் பத்துத் துளைகள் இருக்கும். அவற்றின் மையங்களை இணைத்து ஒரு வட்டம் வரைந்தால், உலகத் தர அளவின்படி அதன் குறுக்களவு 335 மில்லிமீட்டர். நடுத்துளை 281 மில்லிமீட்டர். எட்டுத் துளைச் சக்கரத்தில் இவை 275, 221. ஆறு துளையில் 205, 161. அமெரிக்க லாரிகளிலும் பத்துத் துளைகள் உண்டு. ஆயினும் வட்டம் 285.75 மில்லிமீட்டர்தான். எண்ணிக்கை ஒத்திருப்பதைக் கண்டு முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் இக்கணக்கை அறியாதவர்களே.

துளை பொருந்திய பின்னர்தான் உண்மையான அபாயம் தொடங்குகிறது. சக்கரத்தை நடுநிலையில் நிறுத்துவது எது? சில வண்டிகளில் ஹப்பின் நடுக்குமிழ் சக்கரத்தின் நடுத்துளையில் இறுக அமர்ந்து அதைத் தாங்கும்; அங்கே நட்டு தட்டையாக, வாஷருடன் இருக்கும். வேறு சிலவற்றில் கூம்பு வடிவ நட்டுகள் துளையின் சரிவில் உட்கார்ந்து சக்கரத்தை நடுவில் நிறுத்தும். கூம்புக்கென்று குடையப்பட்ட டிஸ்க்கைத் தட்டை நட்டுகொண்டு இறுக்கினால், பார்வைக்கு எல்லாம் செம்மையாகவே தோன்றும். பாரம் ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் மயிரிழை அளவு நகரும், துளை நீள்வட்டமாகும், ஸ்டட்டுகள் ஒவ்வொன்றாக ஒடியும். இறுதியில் சக்கரம் வண்டியை விட்டுப் பிரிந்து தன் வழியே போகும். ஓடும் லாரியிலிருந்து கழன்ற சக்கரம் எதிரில் வருபவனைப் பார்த்து ஒதுங்குவதில்லை.

மறையிலும் ஏமாற்றம் உண்டு. பழைய பிரிட்டிஷ் முறை ஸ்டட்டின் பருமன் 7/8 அங்குலம், அதாவது 22.2 மில்லிமீட்டர், இக்காலத்து மெட்ரிக் ஸ்டட் 22 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் அங்குலத்துக்கு 11 புரிகள்; பின்னதில் ஏறத்தாழ 17. பழைய பெட்ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகளில் இடப்புறச் சக்கரங்களுக்கு இடமறை வைத்திருந்தார்கள். அதை அறியாத பையன் நீளக் குழாயைச் செருகி நட்டைக் கழற்ற முனைந்தால் மேலும் இறுக்கி, ஸ்டட்டையே ஒடித்துவிடுவான்.

அடுத்தது டயர். 9.00-20 போட்டிருந்த பழைய வண்டிக்கு 10.00-20 போடுவது நெடுநாளைய ஆசை. வண்டி உயர்ந்து நிற்கும், பாரம் தாங்கும் என்பார்கள். முன்னதன் உயரம் சுமார் 1,020 மில்லிமீட்டர், பின்னது சுமார் 1,055. வேறுபாடு நூற்றுக்கு மூன்றரைதான்; ஆயினும் வேகமானி 60 என்று காட்டும்பொழுது வண்டி 62இல் ஓடும். ஏற்றத்தில் இழுவை அதே அளவு குறையும். மொகிலி மலைப்பாதையில் இறங்கும்பொழுது பிரேக்கின் பிடியும் அவ்வாறே. பின்புற ஜோடி டயர்களுக்கு இடையே உள்ள சந்து குறுகிவிடுவது இவற்றினும் மோசம். பாரத்தில் இரு டயர்களின் வயிறும் பிதுங்கி ஒன்றையொன்று உராய்ந்தால் சூடு ஏறி வெடிப்பது உறுதி. முன்சக்கரத்தை முழுதும் திருப்பி, ஸ்பிரிங் பட்டையிலும் மட்கார்டிலும் தட்டுகிறதா என்றும் பார்த்தல் வேண்டும்.

பழைய மாதிரி ரிம்மில் டயரைப் பிடித்து வைப்பது தனியான இரும்பு வளையம். ஒரு கம்பெனியின் ரிம்முக்கு மற்றொரு கம்பெனியின் வளையத்தைத் தட்டிப் பொருத்துவது பல இடங்களில் நடக்கிறது. காற்று அடிக்கும்பொழுது அவ்வளையம் தெறித்தால் எதிரே குனிந்திருப்பவரின் தலை தப்பாது. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டிலேயே, பொருந்தாத வளையங்களைக் கலக்கலாகாது, இரும்புக் கூண்டில் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று தொழிலாளர் பாதுகாப்பு விதி வகுத்தார்கள். நம் பக்கத்துப் பஞ்சர் கடைகளில் கூண்டைக் காண்பது அரிது. சங்கிலியையாவது சுற்றச் சொல்லுங்கள்.

ஜீப் வைத்திருப்போர் இவ்வகையில் பாக்கியசாலிகள். வில்லிஸ் ஜீப்பின் சக்கரத்தில் ஐந்து துளைகள், ஐந்தரை அங்குல வட்டம். 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியிலும் அதே அளவுதான். ஆகவே ஜிப்ஸியின் 15 அங்குலச் சக்கரம் ஜீப்பில் ஏறிவிடும். நட்டு மட்டும் ஜீப்பினுடையதாக இருக்க வேண்டும், அதுவும் அச்சக்கரத்தின் சரிவில் சரியாக அமர வேண்டும். 205/70 டயருடன் போட்டால் வண்டி மூன்று சென்டிமீட்டர் தாழும் என்பதைக் கரம்பு வழியில் போகிறவர் மறக்கலாகாது.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். சரக்கு வண்டியின் டயர் அளவு பதிவுக் குறிப்புகளில் அடங்கியது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனியும் இதை எழுப்பும். ஆகவே ஊருக்கு எழுதும்பொழுது, அதே மாடல் வண்டியின் டிஸ்க்கையே தேடச் சொல்லுங்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிகளுக்கெனக் கடைகள் வரிசையாக உண்டு. வாங்குமுன் துளையைச் சுற்றியும் நடுத்துளை விளிம்பிலும் துருவைச் சுரண்டி விரிசல் பார்க்க வேண்டும். பற்றவைத்த டிஸ்க்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பூட்டுமுன் ஹப்பின் முகத்திலுள்ள பெயிண்டையும் துருவையும் நீக்கி, நட்டுகளை எதிரெதிராக இறுக்க வேண்டும். 22 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு வேண்டிய இறுக்கம் சுமார் 600 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளப் பிடியின் நுனியில் அறுபது கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போல. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடியும் இறுக்க வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரின் தெரு ஒன்றின் பெயரைத் தாங்கி 1904இல் பிறந்த உபரிச் சக்கரம் அது. நம் ஊரில் இன்றும் அப்பெயர் அழியவில்லை. ஆறு சக்கரங்களையும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழையதாகவே விட்டு வைப்பவர்கள் உண்டு. நள்ளிரவில், தக்காளிப் பாரத்துடன், யானை நடமாடும் கவுண்டின்ய வனப்பகுதியின் ஓரத்தில் வண்டி நின்றுவிட்டால், கையில் இருக்கும் நட்டு அந்தச் சக்கரத்துக்கு ஆகாது என்பது அப்பொழுதுதான் தெரியவரும்.