பூச்சுக்கு அடியில் கரையும் கார்பன்

அமெரிக்க விண்ணோடங்கள் பூமிக்குத் திரும்பும்போது அவற்றின் மூக்கு நுனியிலும் இறக்கைகளின் முன்விளிம்பிலும் வெப்பம் சுமார் 1,600 டிகிரி செல்சியஸைத் தொடும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் நாசா அங்கே பொருத்தியது, கார்பன் இழைகளைக் கார்பனாலேயே பிணைத்த ‘கார்பன்-கார்பன்’ கலப்பொருளை. அந்தக் கடும் வெப்பத்திலும் வலிமை குறையாத பொருள் அது. ஆனால் என்ன இருந்தாலும் கரிதானே! காற்றுபட்டால் 500 டிகிரி வாக்கிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து வாயுவாகிவிடும்.

அதைத் தடுக்கத்தான் மேலே சிலிக்கான் கார்பைடு பூச்சு. பூச்சும் கார்பனும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. தயாரித்து ஆறவைக்கும்போதே பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழுந்துவிடும். வெப்பம் உச்சத்துக்குப் போனால் பூச்சு விரிந்து விரிசல்கள் நெருங்கிக்கொள்ளும். மேற்பரப்பில் உருவாகும் சிலிக்கா கண்ணாடியும் இடைவெளியை அடைக்கும். வில்லங்கம் நடுத்தர வெப்பத்தில்தான். அப்போது விரிசல் திறந்திருக்கும். எதிர்வினை மெதுவாக நடப்பதால் ஆக்சிஜன் மேலேயே தீர்ந்துபோகாமல் ஆழத்துக்கு இறங்கும். கரையான் அரித்த கதவுநிலைபோல, வெளியே பூச்சு பளபளக்க, உள்ளே பொள்ளலாகும். எடை சில சதவீதமே குறைந்திருக்கும்; வலிமையோ அதைவிடப் பல மடங்கு சரிந்திருக்கும்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு விண்வெளி வீரர்கள் இறந்தனர். ஏவும்போது கழன்று வந்த நுரைத்துண்டு இடது இறக்கையின் கார்பன் பலகையை உடைத்ததே காரணம், ஆக்சிஜனேற்றம் அல்ல. ஆனாலும் விசாரணைக் குழு ஓர் அடிப்படைக் குறையைச் சுட்டிக்காட்டியது. கண்ணால் பார்ப்பதையும் கையால் தொட்டுப் பார்ப்பதையும் நம்பியிருந்த பரிசோதனையால் பலகையின் உள்நலத்தை அறிய முடியாது என்றது.

அதன்பின் கைகொடுத்தது வெப்பப்பட முறை. பிரகாசமான ஒளிவிளக்கை மின்னவைத்து மேற்பரப்பைச் சூடாக்கி, அது ஆறுவதை அகச்சிவப்பு கேமராவில் பதிவுசெய்வார்கள். அடியில் வெற்றிடம் இருந்தால் வெப்பம் உள்ளே இறங்க வழியின்றித் தேங்கும். அந்த இடம் மட்டும் தாமதமாக ஆறும். பலகையை வெட்டாமலே உள்காயம் தெரிந்துவிடும்.

விண்ணோடங்கள் 2011-இல் ஓய்வுபெற்றன. ஆனால் பயணிகள் விமானங்களின் கார்பன் பிரேக்குகளிலும் இதே கதைதான். குளிர்நாடுகளில் ஓடுபாதைப் பனியை உருக்கத் தெளிக்கும் பொட்டாசியம் உப்புகள் அவற்றின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்துகின்றன. அதனால் பிரேக் தட்டின் தேய்மானத்தை மட்டும் அளந்தால் போதாது. தேயாமல் நிற்கும் பகுதியும் திடமாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.